சங்கிலியின் முதற்கண்ணி

புலனடக்கம் குறித்துப் புனித அகஸ்டினும் பாலைவனத் துறவியரும் தரும் பாடம்

ஆன்மிக வாழ்வில் அடியெடுத்து வைக்கும் ஒருவன் தன் கோபத்தைப் பற்றிப் பிறரிடம் தயக்கமின்றிக் கூறிவிடுகிறான். தன் பேராசையைக்கூடச் சிரித்தவாறே ஒப்புக்கொள்கிறான். காமத்தின் தாக்குதலை மட்டும் நெஞ்சுக்குள் பூட்டி வைக்கிறான். பூட்டி வைப்பதால் நோய் குறைவதில்லை. 'இந்தக் கீழான போராட்டம் எனக்கு மட்டுமே உரியது. தூயவர்கள் எவரும் இதை அறியமாட்டார்கள்' என்ற எண்ணம் அவனுள் வேரூன்றுகிறது. அந்த எண்ணத்திலிருந்து சோர்வு பிறக்கிறது. சோர்விலிருந்து முயற்சியைக் கைவிடும் மனநிலை பிறக்கிறது. காமம் செய்யும் கேட்டைவிட, அதை வெல்லவே இயலாது என்ற அவநம்பிக்கை செய்யும் கேடு பெரிது.

கிறிஸ்தவ மரபின் மகான்கள் இந்தப் போராட்டத்தை மறைத்து வைக்கவில்லை. 4, 5-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மூவர் இதைப் பற்றி வெளிப்படையாகவும் நுட்பமாகவும் எழுதினர். ஒருவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக விளங்கிய புனித அகஸ்டின். மற்றொருவர் எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்த எவாக்ரியஸ். மூன்றாமவர், எகிப்தியத் துறவியரின் அறிவுரைகளை மேற்கு நாடுகளுக்குக் கொண்டுசென்ற ஜான் காசியன். இம்மூவரும் காட்டிய வழியைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடல் பகையன்று

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கிறிஸ்தவ நெறியில் உடல் தீயதன்று. இறைவனே மனித உடல் தாங்கி வந்தார் என்பது அச்சமயத்தின் மையக் கொள்கை. உடல் தூய ஆவி உறையும் ஆலயம் என்று புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார். ஆணும் பெண்ணும் இணையும் இல்லறத்தைத் திருச்சபை புனிதமானதாகப் போற்றுகிறது. ஆகவே தூய்மை என்பது உடலை வெறுப்பதன்று. ஆலயத்தை ஆலயமாகவே நடத்துவது.

இயேசு தமது மலைப்பொழிவில் விபசாரத்தைப் பற்றிப் பேசும்போது, செயலோடு நின்றுவிடாமல் பார்வைக்கும், பார்வையின் பின்னுள்ள உள்ளத்துக்கும் செல்கிறார். இதைக் கேட்டு மென்மையான மனம் படைத்த பலர் அஞ்சிவிடுகின்றனர். கண்ணில் ஓர் அழகு பட்டதும் பாவம் நிகழ்ந்துவிட்டதாகக் கலங்குகின்றனர். ஆனால் அப்போதனை குறிப்பது தற்செயலாகக் கண்ணில் படும் காட்சியை அன்று. இச்சையை வளர்க்கும் பொருட்டே நோக்கும் நோக்கினை. காண்பது வேறு, காமுறுவதற்காகவே காண்பது வேறு. இந்த வேறுபாட்டை அறியாதவன், குற்றமில்லாத இடத்தில் தன்னை வதைத்துக்கொண்டு, குற்றம் உண்மையில் தொடங்கும் இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவான்.

குற்றம் தொடங்குமிடம் எது? மலைப்பொழிவுக்கு எழுதிய விளக்கவுரையில் அகஸ்டின் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டுகிறார். முதலாவது தூண்டுதல்: ஓர் எண்ணமோ காட்சியோ நினைவோ உள்ளே நுழைகிறது. இரண்டாவது இன்புறுதல்: மனம் அதைச் சுவைக்கிறது. மூன்றாவது இசைவு: 'ஆகட்டும்' என்று உள்ளம் ஒப்புக்கொள்கிறது. ஏதேன் தோட்டத்துக் கதையில் பாம்பு தூண்டியது, ஏவாள் சுவைத்தாள், ஆதாம் இசைந்தான். அந்த நாடகம் ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் நாள்தோறும் நடைபெறுகிறது என்கிறார் அவர். தூண்டுதல் நம் கையில் இல்லை. இசைவு முழுவதும் நம் கையில் இருக்கிறது. இடைப்பட்ட சுவைத்தலே போர்க்களம்.

ஒரு பேரறிஞரின் அடிமைத்தனம்

இவ்வளவு தெளிவாக ஆராய்ந்தவர் இதை வெறும் நூலறிவால் பெறவில்லை. அகஸ்டின் கி.பி. 354-இல், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். தாய் மோனிக்கா பக்தி மிகுந்தவர். பதினாறாவது வயதில், மேற்படிப்புக்குப் பணமின்றி ஓராண்டு வீட்டில் சும்மா இருக்க நேர்ந்தது. அந்த ஓய்வில்தான் முள்புதர் தலைக்கு மேல் வளர்ந்தது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். தாய் எச்சரித்தார், அதைப் பெண்களின் பேச்சு என்று மகன் ஒதுக்கினார். தோழர்களோ தங்கள் ஒழுக்கக்கேடுகளைப் பெருமையாகப் பேசினர். அவர்களுக்குக் குறைந்தவராகத் தோன்ற வெட்கப்பட்டு, செய்யாத தவறுகளையும் செய்ததாகக் கூறிக்கொண்டார். தீமை செய்ய நாணுவதற்குப் பதிலாக, தீமை செய்யாதிருக்க நாணும் நிலை அது. தீய நட்பின் ஆற்றல் இத்தகையது.

கார்த்தேஜ் நகரில் படிக்கும்போது ஒரு பெண்ணுடன் மணமின்றி வாழத் தொடங்கினார். அவர்களுக்கு அதேயோதாத்துஸ் என்ற மகன் பிறந்தான். 19-ஆம் வயதில் சிசரோவின் நூல் ஒன்று அவருள் மெய்யறிவின் தாகத்தை எழுப்பியது. ஆயினும் வாழ்க்கை மாறவில்லை. அந்த இளமைக் காலத்தில் அவர் செய்த பிரார்த்தனை உலகப் புகழ் பெற்றது: தூய்மையை வேண்டினார், அது உடனே கிடைத்துவிடலாகாது என்றும் சேர்த்தே வேண்டினார்! நோய் தீர வேண்டும், ஆனால் நோய் தரும் சுகம் போகக்கூடாது என்ற அந்த இரட்டை விருப்பம் எத்தனை பேருடைய பிரார்த்தனையில் இன்றும் ஒளிந்திருக்கிறது!

384-இல் மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. உயர்குலப் பெண் ஒருத்தியுடன் திருமணம் பேசப்பட்டது. அதற்குத் தடையாக இருந்ததால், ஏறத்தாழ 14 ஆண்டுகள் உடன் வாழ்ந்த துணைவி ஆப்பிரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். இனி வேறொரு ஆடவனை அறியேன் என்று சபதம் செய்து, மகனை விட்டுவிட்டு அவர் பிரிந்தார். நிச்சயிக்கப்பட்ட சிறுமி திருமண வயதை எட்ட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருந்தன. அந்த இரண்டு ஆண்டுகள்கூடக் காத்திருக்க இயலாமல் அகஸ்டின் மற்றொரு பெண்ணை நாடினார்.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பிளேட்டோவின் வழிவந்த தத்துவ நூல்களை ஆராய்ந்த பேரறிஞர் தோற்றார். நூல்களில் பெயர்கூடப் பதியப்படாத அந்தப் பெண் தன் சொல்லில் நின்றார். தம்மால் அவளைப் பின்பற்ற இயலவில்லை என்று அகஸ்டினே பின்னர் எழுதினார். அறிவு வளர்வதால் மட்டும் புலன்கள் அடங்கிவிடுவதில்லை என்பது ஒரு பாடம். மற்றொன்று அதனினும் முக்கியமானது. காமம் என்பது ஒருவனுடைய தனிப்பட்ட தூய்மையை மட்டும் பாதிக்கும் குற்றமன்று. அதற்கு எப்போதும் மற்றொருவர் விலை கொடுக்கிறார். ஒரு மனிதப் பிறவி பயன்படுத்தப்பட்டு விலக்கப்படுகிறது. ஆகவே புலனடக்கத்தைத் தன் ஆன்ம நலனுக்கான சாதனை என்று மட்டும் கருதுபவன் பாதியையே அறிந்தவன். அது பிறருக்குச் செய்ய வேண்டிய நீதியும் ஆகும்.

சங்கிலியும் அதன் கண்ணிகளும்

397-ஆம் ஆண்டையொட்டி எழுதத் தொடங்கிய 'கன்ஃபெஷன்ஸ்' என்னும் தன்வரலாற்றில், தாம் கட்டுண்டிருந்த நிலையை அகஸ்டின் ஒரு சங்கிலியாக வருணிக்கிறார். தம்மைப் பிணைத்தது பிறர் இட்ட இரும்பன்று, தம் சொந்த விருப்பமே என்கிறார். நெறி தவறிய விருப்பத்திலிருந்து இச்சை தோன்றியது. இச்சைக்குப் பணிந்ததால் பழக்கம் உண்டாயிற்று. பழக்கத்தை எதிர்க்காததால் அது கட்டாயமாக இறுகியது. விருப்பம், இச்சை, பழக்கம், கட்டாயம் என்ற நான்கு கண்ணிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டன.

இந்த ஆய்வின் நடைமுறைப் பயன் பெரிது. கடைசிக் கண்ணியில் நின்றுகொண்டு, 'என்னால் முடியவில்லையே' என்று ஒருவன் கதறுகிறான். அவன் கூறுவது பொய்யன்று. அந்த நிலையில் அவனால் எளிதில் முடியாதுதான். ஆனால் சங்கிலி அங்கே தொடங்கவில்லை. முதற்கண்ணி மெல்லியதாக இருந்தபோது, அதாவது எங்கே செல்வது, எதைக் காண்பது, யாரோடு பழகுவது, எந்த எண்ணத்தோடு விளையாடுவது என்று தீர்மானித்த நேரத்தில், அவன் சுதந்திரமாகவே இருந்தான். போரை இறுதியில் நடத்துபவன் தோற்கிறான். தொடக்கத்தில் நடத்துபவனுக்கு வெற்றி எளிது.

இங்கே ஒரு தத்துவக் கேள்வியும் எழுகிறது. நல்லதை விரும்பும் மனமும் தீயதை விரும்பும் மனமும் ஒருவனுக்குள்ளேயே இருக்கின்றனவே, அவை இரண்டு வேறுவேறு பொருள்களா? அகஸ்டின் ஒன்பது ஆண்டுகள் சார்ந்திருந்த மானிக்கேய சமயம், ஆம் என்றது. ஒளியும் இருளும் ஆதியிலிருந்தே இரண்டு தத்துவங்கள். பாவம் செய்வது உள்ளிருக்கும் இருளே என்று அது போதித்தது. இக்கொள்கை ஆறுதலளிப்பது, ஏனெனில் 'நான் செய்யவில்லை' என்று சொல்லிக்கொள்ள இடம் தருகிறது. அகஸ்டின் இதை மறுத்தார். மனம் கட்டளையிட்டால் கை உடனே அசைகிறது. மனம் தனக்கே கட்டளையிட்டால் அது பணிவதில்லை. காரணம், உள்ளே வேறொருவன் இருப்பதன்று. கட்டளையிடும் மனம் முழுமையாக விரும்பவில்லை என்பதே. விருப்பம் பிளவுபட்டிருக்கிறது. ஆகவே மருந்து, எதிரியை வெளியே தேடுவதன்று. சிதறிய விருப்பத்தை ஒருமைப்படுத்துவது.

மிலான் தோட்டத்தில்

386-ஆம் ஆண்டு, அகஸ்டினுக்கு 31 வயது. பொந்திசியானுஸ் என்ற அரசவை அலுவலர் அவரைக் காண வந்தார். தமிழகத்தில் வனத்து அந்தோணியார் என்று வணங்கப்படும் எகிப்தியத் துறவியின் வரலாற்றைப் பேச்சினிடையே கூறினார். அவ்வரலாற்றைத் தற்செயலாகப் படித்த அரசு அலுவலர்கள் இருவர் அக்கணமே பதவியைத் துறந்த செய்தியையும் சொன்னார். கேட்கக் கேட்க அகஸ்டினின் நெஞ்சு எரிந்தது. கல்வியறிவற்றவர்கள் எழுந்து விண்ணரசைக் கைப்பற்றுகின்றனர். கற்றவர்களாகிய நாமோ சேற்றில் புரள்கிறோம் என்று நண்பர் அலிப்பியுஸிடம் கூறிவிட்டுத் தோட்டத்துக்குள் விரைந்தார்.

அங்கே நடந்த அகப்போராட்டத்தில் இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. பழைய இன்பங்கள் அவருடைய ஆடையைப் பற்றி இழுத்து மெல்லக் கேட்டன: எங்களை அனுப்பிவிடுகிறாயா, இனி என்றென்றைக்கும் இது உனக்கில்லையே என்று. சோதனையின் தந்திரம் இதில் வெளிப்படுகிறது. அது வாழ்நாள் முழுவதையும் ஒரே சுமையாகத் திரட்டிக் காட்டி, 'இதை உன்னால் சுமக்க முடியுமா?' என்று அச்சுறுத்துகிறது. ஆனால் எந்த மனிதனும் நாற்பது ஆண்டுகளை ஒரே நாளில் வாழ்வதில்லை. இன்றைய நாளுக்கு இன்றைய அருள் போதும்.

மற்றொரு பக்கம், புலனடக்கம் ஒரு தாயின் வடிவில் அவருக்குத் தோன்றியது. அவள் கடுகடுப்பானவளாக இல்லை. முகமலர்ச்சியோடு, எண்ணற்ற பிள்ளைகள் சூழ நின்றாள். சிறுவர், இளைஞர், கைம்பெண்கள், முதியோர் எனப் பலர் அவளருகே இருந்தனர். இவர்களால் முடிந்தது உன்னால் முடியாதா, இவர்கள் தம் சொந்த பலத்தாலா நின்றார்கள் என்று அவள் கேட்பதாக அவர் உணர்ந்தார். பழைய இன்பங்கள் தனிமையில் கிசுகிசுத்தன. தூய்மையோ ஒரு கூட்டத்தின் நடுவே நின்று அழைத்தது. இது ஆழ்ந்து நினைக்கத் தக்கது.

அவ்வேளையில் அண்டை வீட்டிலிருந்து எடுத்துப் படிக்கச் சொல்லும் குழந்தைக் குரல் ஒன்று கேட்டது. பவுலின் நிருபத்தைத் திறந்தார். களியாட்டத்தையும் காமவெறியையும் விட்டு, கிறிஸ்துவை ஆடையாக அணிந்துகொள்ளுமாறு கூறும் பகுதி கண்ணில் பட்டது. மேலே படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. 387-ஆம் ஆண்டு ஈஸ்டர் பெருவிழாவில், மகனோடும் நண்பர் அலிப்பியுஸோடும் ஆயர் அம்புரோஸின் கையால் திருமுழுக்குப் பெற்றார்.

விலகிச் செல்வதும் வீரமே

அகஸ்டினுக்குச் சற்று முன்னதாகவே எவாக்ரியஸ் இதே போரில் இறங்கினார். கான்ஸ்டான்டிநோபிள் நகரில் புகழ்பெற்ற திருத்தொண்டராக இருந்த அவருக்கு, உயர் அதிகாரி ஒருவரின் மனைவி மீது காதல் உண்டாயிற்று. அப்பெண்ணும் அவரை விரும்பினார். நகரை விட்டு நீங்குவதாகச் சத்தியம் செய்வதுபோல் ஒரு கனவு கண்டார். கனவில் செய்ததாயினும் சத்தியம் சத்தியமே என்று கருதி, உடைமைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு எருசலேமுக்குப் புறப்பட்டார். பின்னர் எகிப்தின் நித்ரியாவிலும் கெல்லியாவிலும் தவ வாழ்வு மேற்கொண்டு, நூல்களைப் படியெடுத்துப் பிழைத்து, 399-இல் மறைந்தார்.

மனிதனைத் தாக்கும் எண்ணங்களை எட்டாக அவர் வகைப்படுத்தினார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், கோபம், சலிப்பு, புகழாசை, செருக்கு. இந்த எண்ணங்கள் வருவதும் வராதிருப்பதும் நம் வசத்தில் இல்லை. அவை உள்ளே தங்குவதும் தங்காதிருப்பதும், உணர்ச்சியைக் கிளறுவதும் கிளறாதிருப்பதும் நம் வசத்தில் உள்ளன என்பது அவருடைய அடிப்படைப் போதனை. பெருந்தீனியை அடுத்துக் காமத்தை வைத்தது தற்செயலன்று. நாவை அடக்காதவன் அதற்கடுத்த வாயிலைக் காக்க இயலாது.

எல்லாச் சோதனைகளையும் ஒரே முறையில் எதிர்கொள்ளலாகாது என்பது பாலைவனத்தின் அனுபவ ஞானம். சலிப்பு தாக்கும்போது குடிலை விட்டு அசையாமல் நின்று அதை வெல்ல வேண்டும். காமம் தாக்கும்போது காட்சியையும் சூழலையும் விட்டு விலக வேண்டும். தொடக்க நூலில் வரும் யோசேப்பு, எஜமானனின் மனைவி பற்றியபோது வாதம் செய்துகொண்டு நிற்கவில்லை. மேலாடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினான். தாவீது அரசனோ, படைகள் போருக்குச் சென்றிருந்த காலத்தில் அரண்மனையில் தங்கி, மாலையில் மாடியில் உலாவினான். கண்டான், விசாரித்தான், ஆளனுப்பினான். கண்டபோதே திரும்பியிருந்தால் ஒரு வீரனின் உயிர் பிழைத்திருக்கும். யோசேப்பு அடிமை, தாவீது அரசன். ஆனால் அந்த நாளில் சுதந்திரமானவன் யார்?

கடிந்துரைத்த முதியவர்

காசியன் தம் நூலில் ஒரு வரலாற்றைக் கூறுகிறார். இளம் துறவி ஒருவன், காம எண்ணங்கள் தன்னை வாட்டுவதாக ஒரு முதியவரிடம் சென்று கூறினான். முதியவர் அவனைக் கடிந்து, துறவி என்ற பெயருக்கே நீ தகுதியற்றவன் என்று துரத்தினார். அவன் மனமுடைந்து, தவத்தையே கைவிட்டு ஊர் நோக்கி நடந்தான். வழியில் அப்போலோ என்ற மூத்த துறவி அவன் முகவாட்டத்தைக் கண்டு காரணத்தை வற்புறுத்திக் கேட்டார். கேட்டதும், இந்த முதிய வயதிலும் இதே போராட்டம் தம்மை விடவில்லை என்று ஆறுதல் கூறி, ஒரே ஒரு நாள் மட்டும் பொறுத்திருக்கும்படி வேண்டினார்.

பிறகு அப்போலோ அந்த முதியவரின் குடிலருகே சென்று, இளைஞனின் சோதனை சிறிது நேரம் இவர் மேல் வரட்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தார். சற்று நேரத்தில் முதியவர் நிலைகொள்ளாமல் உள்ளும் புறமும் அலைந்து, இளைஞன் சென்ற அதே பாதையில் புறப்பட்டார். அப்போலோ அவரைத் தடுத்து நிறுத்தி, வீழ்கின்றவனிடம் இரக்கம் காட்டக் கற்றுக்கொள்ளுமாறு அறிவுறுத்தி, அவருக்காகவும் ஜெபித்து விடுவித்தார்.

வழிகாட்டும் நிலையில் உள்ள ஒவ்வொருவரும், தந்தையாயினும் ஆசிரியராயினும் குருவாயினும், இவ்வரலாற்றை மறக்கலாகாது. தன் குற்றத்தை நம்பி ஒப்படைப்பவனை அவமதித்தால், அவன் மறுமுறை யாரிடமும் வாய் திறக்கமாட்டான். அலமாரியில் பூட்டிவைத்த துணிகள் காலப்போக்கில் மக்கிவிடுவதுபோல, செயலில் இறங்காமல் விடப்பட்ட எண்ணங்களும் மக்கிவிடும் என்றார் போமென் என்ற பாலைவனத் தந்தை. எண்ணங்களைக் கண்டு நடுங்க வேண்டாம் என்பதே இதன் கருத்து. பாலைவனத் தாயாகிய சாரா 13 ஆண்டுகள் இச்சோதனையால் கடுமையாகத் தாக்கப்பட்டார். சோதனை நீங்க வேண்டும் என்று அவர் ஒருபோதும் வேண்டவில்லை. தாங்கும் வலிமையையே வேண்டினார்.

அடக்கமும் தூய்மையும்

காசியன் செய்யும் ஒரு வேறுபாடு இந்தப் போதனை முழுவதற்கும் மகுடம் போன்றது. அடக்கம் வேறு, தூய்மை வேறு என்கிறார் அவர். உள்ளே ஆசை கொதிக்க, வெளியே பற்களைக் கடித்துக்கொண்டு நிற்பது அடக்கம். அது போற்றத்தக்கது, ஆனால் இறுதி நிலையன்று. தூய்மை என்பது தூய்மையின் மீது கொண்ட காதலாலேயே நிலைபெறுவது. அங்கே போராட்டம் தணிந்து அமைதி பிறக்கிறது. ஓர் ஆசையை வெறும் மறுப்பால் அகற்ற முடியாது. அதனினும் இனியதொன்று உள்ளத்தில் குடியேற வேண்டும்.

அங்குச் சேரும் வழியில் உணவில் அளவு, உழைப்பு, விழிப்பு, இடைவிடாத ஜெபம் ஆகியவற்றை அவர் வலியுறுத்துகிறார். பலர் எதிர்பாராத ஒன்றையும் சேர்க்கிறார்: சாந்தம். மனத்தின் பொறுமையும் மென்மையும் எவ்வளவு வளர்கின்றனவோ அவ்வளவு உடலின் தூய்மையும் வளரும் என்கிறார். இது அனுபவத்துக்கு ஒத்ததே. அவமானப்பட்ட நாளில், சண்டையிட்ட இரவில், தனிமையும் கசப்பும் நிறைந்த வேளையில்தான் மனிதன் எளிதில் வீழ்கிறான். கோபத்தை வளர்த்துக்கொண்டே காமத்தை வெல்ல முயல்வது, ஒரு கதவைச் சாத்திக்கொண்டு மறு கதவைத் திறந்து வைப்பது போன்றது.

இந்த அமைதி ஒரே நாளில் வருவதில்லை. ஏறத்தாழ 16 ஆண்டுகள் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ், உடலின் இச்சை தம்மை வருத்தாமல் மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்று மரண வேளையில்தான் கூற முடிந்தது. ஆயராக உயர்ந்த பின்னும் அகஸ்டின், பழைய காட்சிகள் கனவில் வந்து வருத்துவதைத் தம் நூலின் பத்தாம் பகுதியில் மறைக்காமல் எழுதினார். விழித்தபின் மனச்சான்றின் அமைதிக்குத் திரும்புவதையும், தாம் செய்யாதது ஏதோ விதத்தில் தம்முள் நடந்ததற்கு வருந்துவதையும் குறிப்பிட்டு, அதையும் இறைவனின் கருணைக்கே ஒப்படைத்தார்.

இல்லறத்தாருக்கு

இவையெல்லாம் துறவியருக்கு மட்டும் உரியவை என்று கருதலாகாது. 401-ஆம் ஆண்டளவில் அகஸ்டின் இல்லறத்தின் நன்மையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். மக்கட்பேறு, ஒருவருக்கொருவர் காக்கும் நம்பிக்கை, பிரிக்கவொண்ணாத புனிதப் பிணைப்பு ஆகிய மூன்றையும் அதன் நலன்களாகக் காட்டினார். மனைவியின் உடல் மீது கணவனுக்குள்ள உரிமையைப் போலவே கணவனின் உடல் மீது மனைவிக்கும் உரிமை உண்டு என்று பவுல் முன்பே எழுதியிருந்தார். ஆணாதிக்கம் மிகுந்த உரோமைச் சமுதாயத்தில் இது புரட்சிகரமான கருத்து. பெண்ணுக்குக் கற்பு, ஆணுக்குச் சலுகை என்ற இரட்டை நீதிக்கு இந்நெறியில் இடமில்லை. திருமணம் காமத்தைத் தானாகவே தீர்த்துவிடும் மருந்துமன்று. பார்வையையும் கற்பனையையும் காக்காதவன் மணவாழ்விலும் துரோகியாகவே வாழ்கிறான்.

பயிற்சிக்குச் சில குறிப்புகள்

1. முதற்கண்ணியைக் கண்டுபிடியுங்கள். வீழ்ச்சி நேர்ந்த இடத்திலிருந்து பின்னோக்கி நடந்து, எந்த நேரத்தில், எந்த மனநிலையில், எந்தச் சிறு தீர்மானத்தில் அது தொடங்கியது என்று அறியுங்கள். அங்கே காவல் வையுங்கள்.

2. விலக வேண்டியதிலிருந்து உடனே விலகுங்கள். அன்று மாடியில் உலாவிய தாவீதின் கண்முன் வந்தது, இன்று கைபேசி வழியாகப் படுக்கையறைக்கே வருகிறது. இரவில் அதை வேறு அறையில் வைப்பது கோழைத்தனமன்று, யோசேப்பின் வீரம்.

3. எண்ணத்தோடு வாதாடாதீர்கள். அது எழுந்ததும், மனப்பாடமாக உள்ள ஒரு திருவசனத்தையோ சிறு ஜெபத்தையோ பற்றிக்கொள்ளுங்கள். எவாக்ரியஸ் ஒவ்வொரு தீய எண்ணத்துக்கும் எதிராகத் திருவசனங்களைத் தொகுத்து ஒரு நூலே செய்தார்.

4. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம் திறந்து பேசுங்கள். அவர் அப்போலோவைப் போன்றவராக இருக்கட்டும். பழக்கம் கட்டாயமாக இறுகி, வாழ்வையோ பிறரையோ பாதிக்கும் நிலை வந்திருந்தால், மனநல மருத்துவரின் உதவியை நாடுவதில் இழுக்கில்லை.

5. உணவிலும் உறக்கத்திலும் அளவு காத்து, உடலுக்கு உழைப்பும் மனத்துக்கு உயர்ந்த பணியும் கொடுங்கள். சும்மா இருந்த ஓராண்டு அகஸ்டினுக்கு என்ன செய்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

6. எதிரில் இருப்பவரை முழு மனிதராகக் காணப் பழகுங்கள். அவருக்கும் பெயரும் துயரமும் இறைவனை நாடும் ஆன்மாவும் உண்டு. மரியாதை வளரும் இடத்தில் இச்சை சுருங்கும்.

7. வீழ்ந்தால் உடனே எழுங்கள். வருந்துவது நன்று, வருத்தத்திலேயே கிடப்பது செருக்கின் மறுவடிவம். 'நானா வீழ்ந்தேன்!' என்ற திகைப்பில் தன்னைப் பற்றிய பெருமிதமே மிகுதி.

நம்பிக்கையின் சொல்

மலைப்பொழிவு விளக்கத்தில் அகஸ்டின் கூறும் மற்றொரு கருத்தோடு நிறைவு செய்வது பொருத்தம். நற்செய்தி நூல்களில் இயேசு உயிர்ப்பித்த மூவரைப் பற்றிப் படிக்கிறோம். யாயீரின் மகள் வீட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தாள். நயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகன் நகர வாயிலுக்கு வெளியே சுமந்து செல்லப்பட்டான். லாசருவோ கல்லறையில் நான்கு நாட்கள் கிடந்தான். உள்ளத்தில் மட்டும் இசைந்த பாவம் முதலாவதைப் போன்றது. செயலாக வெளிப்பட்ட பாவம் இரண்டாவதைப் போன்றது. பழக்கமாகிக் கல்லாக அழுத்தும் பாவம் மூன்றாவதைப் போன்றது.

மூன்று நிலைகளும் ஒன்றல்ல. சிறுமியை எழுப்ப அவள் கையைப் பற்றி ஒரு சொல் சொன்னார். லாசருவை எழுப்பக் கண்ணீர் சிந்தி, உரத்த குரலில் அழைத்தார். பழக்கத்தின் கல்லறையிலிருந்து வெளிவருவது கடினமே. வெளியே வந்தபோதும் லாசருவின் கைகால்கள் கட்டப்பட்டிருந்தன; அந்தக் கட்டுகளை அவிழ்க்கச் சுற்றியிருந்தவர்களின் கைகள் தேவைப்பட்டன. ஆயினும் மூவருமே எழுந்தனர். தன் நிலை இனி மாறாது என்று எண்ணிச் சோர்ந்திருப்பவன் நினைவில் நிறுத்த வேண்டியது இதுவே: அழைக்கும் குரல் கல்லறைக்குள்ளும் கேட்கிறது. எழுந்து வருவது அவன் பங்கு; கட்டவிழ்க்க உதவுவது அவனைச் சூழ்ந்திருப்போர் பங்கு; உயிர் தருவது இறைவனின் அருள்.